உயிர் என்னும் ஒரு சொல்

கொழும்பிலே 1939ஆம் ஆண்டு பிறந்து, றோயல் கல்லூரியிற் கற்று, இலங்கைப் பல்கலைக்கழகத்திலே கணிதம் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று வானியலாளர் பிரெட் ஹொயிலின் மாணாக்கராகிய சந்திர விக்கிரமசிங்க, நட்சத்திரங்களுக்கிடையே மிதக்கும் தூசி பனித்துகளே என்று அறிஞர் பெரும்பாலார் கருதியிருந்த காலத்தில், அது காரீயக் கரியாகலாம் என்று 1962இல் தம் ஆசிரியரோடு சேர்ந்து எழுதியபோது அவருக்கு வயது 23. அத்தூசியிற் கரி உண்டென்பதை இன்று வானியலாளர் ஒப்புவர். பின்னர் அவ்விருவரும் பன்மடங்கு துணிந்து, பூமியில் உயிர் தோன்றியதன்று, வால்வெள்ளிகளின் வழியே வந்திறங்கியது என்றனர். 1978 முதல் பொதுமக்களுக்கென்றே நூல்கள் பல எழுதி அக்கொள்கையைப் பரப்பினர். விஞ்ஞானிகளிற் பெரும்பாலார் அதனை ஏற்றிலர்.

ஆயினும், வெள்ளவத்தையிலே சைவக் குடும்பமொன்றில் வளர்ந்த எனக்கு அதனை முதன்முதல் வாசித்த அன்று உண்டான பரவசம் பெரிது. பதி, பசுவாகிய உயிர், பாசம் மூன்றும் அநாதி என்று பாலபாடமாய்க் கேட்ட செவிக்கு, உயிருக்கு இப்பூமியில் ஆரம்பமில்லை என்ற உரை, சைவ சித்தாந்தத்துக்கு ஆகாசமே சாட்சி சொல்ல வந்ததுபோல் இனித்தது.

1981 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்திலே, விவிலியச் சிருஷ்டிக் கொள்கையைப் பரிணாமத்தோடு சமமாய்க் கற்பிக்கச் செய்த சட்டத்தின்மேல் நடந்த வழக்கில், பௌத்தராகிய விக்கிரமசிங்கவை அச்சட்டத்தின் தரப்பார் சாட்சியாக அழைத்தனர். பூமியின் வயது பத்து லட்சம் ஆண்டுக்குக் குறைவென்று அறிவுள்ள விஞ்ஞானி எவனும் நம்பான் என்று அவர் அங்கேயே கூறினார். இதைப் படித்தபோது வெட்கினேன். தம் நம்பிக்கைக்கு விஞ்ஞானத்திற் சாட்சி தேடிய அத்தரப்பாருடைய ஆசையும் என்னுடைய ஆசையும் ஒன்றே.

என் மயக்கமோ தமிழ்ச் சொல்லிலே தங்கியிருந்தது. அவர் ஆராய்ந்த உயிர், கலங்கொண்டு பெருகுவது, நிறமாலையில் அடையாளம் தேடத் தக்கது. சித்தாந்தம் கூறும் உயிரோ, அறிவிக்க அறிவது, ஆணவத்தாற் கட்டுண்டு அருளால் நீங்குவது. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிப் பழகிய நாம், ஒன்றைப் பற்றிய விடையை மற்றொன்றுக்கு உரியதென எளிதில் எடுத்துக்கொள்கிறோம். வால்வெள்ளியில் நுண்ணுயிர் அகப்பட்டால் ஆன்மா அநாதியென நிறுவியதாகாது. அகப்படாவிடின் அது பொய்த்ததுமாகாது.

கொட்டாஞ்சேனையை அடுத்து, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயிலில், ஆகாசத் தலமாகிய சிதம்பரத்தை நினைந்து ஆகாசத்தைக் கும்பிட்டு நிற்கையில், அந்த ஆகாசமும் விக்கிரமசிங்கவின் தூசி மிதக்கும் ஆகாசமும் ஒன்றுதானா என்று இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.