யார் பட்ட கடன்?

2025 நவம்பரில் அமெரிக்கக் கல்வித் துறையின் குழு ஒன்று ஒரு பட்டியலுக்கு ஒப்புதல் கொடுத்தது. தொழிற்கல்வி என்று அதில் இடம்பெற்ற மேற்படிப்புகளுக்கு மாணவர் மொத்தம் 2 லட்சம் டாலர் வரை அரசுக் கடன் வாங்கலாம். மற்றவற்றுக்கு 1 லட்சம்தான். மருத்துவமும் சட்டமும் பட்டியலில் உண்டு, இறையியலும் உண்டு. பேச்சு மொழிச் சிகிச்சையும் கேட்பியலும் இல்லை. வரவுக்கு மீறிய கடனில் இளைஞர்கள் முழுகக்கூடாது என்பது சொல்லப்படும் காரணம்.

கெங்குவார்பட்டிக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. வத்தலக்குண்டுக்கும் பெரியகுளத்துக்கும் நடுவே, மலையடிவாரத்தில், மாவும் தென்னையும் சூழ்ந்த பேரூர் அது. தோப்பு வேலைக்குப் போகும் ஒரு வீட்டில், பிளஸ் டூ முடித்த பெண் பி.ஏ.எஸ்.எல்.பி. படிக்க ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பேச்சும் கேட்பும் பற்றிய பட்டம். பயிற்சியோடு சேர்த்து நான்கு ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் பாரம் குறைவு. கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரிதான். கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து ஏழரை லட்சம் என்று கொள்வோம். சொத்து ஈடு கேட்காமல் வங்கி தரும் கல்விக்கடனின் வரம்பும் அதுதான். பத்து சதவீத வட்டி, பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 9,900 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் தொகுப்பூதியத்தில் ஆள் எடுக்கும்போது இந்த வேலைக்கு அறிவிக்கும் சம்பளம் இருபதாயிரத்தை ஒட்டியே இருக்கிறது. பாதிச் சம்பளம் வங்கிக்குப் போய்விடும். "வேணாந் தாயி, வேற எதாச்சும் படி" என்று தகப்பன் சொன்னால் அவரை எப்படிக் குறை சொல்வது?

குறை, அந்தக் கணக்கை அவர் தலையில் கட்டியவர்களிடம் இருக்கிறது. இந்தப் பட்டத்துக்கான கடனைப் படித்தவள் மட்டும் சுமப்பது அநீதி. அவளால் வாய் திறக்கப்போகும் குழந்தைகளின் ஊரும் நாடும் பட்ட கடன் அது.

மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர் குழலையும் யாழையும் மழலைக்குக் கீழே வைத்தார். அந்த மழலை எழாத வீட்டில் மூன்று வயதுப் பிள்ளையின் முகத்தையே பார்த்திருக்கும் தாய்க்கு, அவர் சொன்ன இன்பம் எட்டாத இடத்தில் இருக்கிறது. தொல்காப்பியர் பிறப்பியலில் தலை, கழுத்து, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று ஒலி பிறக்கும் எட்டிடங்களையும் எண்ணி வைத்தார். இன்று கண்ணாடி முன் பிள்ளையை உட்காரவைத்து, நாக்கு அண்ணத்தில் எங்கே தொட வேண்டும் என்று காட்டும் பயிற்சியாளர் அந்த இயலைத்தான் கையாள்கிறார். ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் பேச்சுப் பெற்றார் என்பது மரபு. அவரைத் தூக்கிச் சென்ற பெற்றோரின் தவிப்போடு, இன்றைக்கும் ஒரு தாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பெரியகுளமும் தேனியும் தாண்டி, க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பஸ் ஏறுகிறாள்.

புறநானூற்றில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் தனித்தனியே கடன் வகுத்தார். அங்கே கடன் என்றால் கடமை. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், கற்றறிந்தவன் காட்டும் வழியில் அரசும் நடக்கும் என்றான். பாண்டிய நாட்டு மன்னனின் வாக்கு அது. வைகைக் கரையில் அதை மறக்கலாமா?

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. பெரிய நன்மைதான். ஆனால் கருவி வைத்த மறுநாளே குழந்தை பேசிவிடாது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஒருவர் எதிரே உட்கார்ந்து, கேட்கவும் சொல்லவும் பழக்க வேண்டும். கருவிக்கு லட்சங்களைக் கொடுக்கும் கை, பழக்குகிறவருக்கு ஒப்பந்தக் காகிதத்தை நீட்டுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் பேச்சு மொழிக் குறைபாட்டையும் சேர்த்தது. உரிமை என்று ஏட்டில் எழுதியாயிற்று. அந்த உரிமையைக் குழந்தைக்குக் கொண்டுசேர்ப்பவர் தவணைக்குப் பயந்து ஊரைவிட்டுப் போனால், சட்டம் யாருக்காக?

வாங்கிய கடனைத் திருப்புவதும் அறமே. வங்கியில் இருப்பது யாரோ ஒருவரின் சேமிப்பு. ஆனால் அந்த அறத்தின் பேரால் எதுவரை போவார்கள் என்பதை 2016இல் மதுரை கண்டது. பொதுத்துறை வங்கி ஒன்று தன் கல்விக்கடன் நிலுவைகளைத் தனியார் நிறுவனத்துக்கு விற்றது. வசூல் நெருக்கடி தாங்காமல் பொறியியல் பட்டதாரி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டதாகக் குடும்பத்தார் சொன்னார்கள்.

அதே அமெரிக்காவில் 2007இல் வந்த சட்டப்படி, பொதுப்பணியில் இருந்துகொண்டு பத்தாண்டுக்கான 120 தவணைகளைக் கட்டியவருக்கு மீதிக் கல்விக்கடன் தள்ளுபடி. நம்மால் இன்னும் எளிதாகச் செய்ய முடியும். அரசு மருத்துவமனையிலோ பள்ளியிலோ பேச்சுப் பயிற்சி தருபவரின் தவணையை அவர் வேலை பார்க்கும் காலம்வரை அரசே கட்டட்டும். தொகுப்பூதிய இடங்கள் நிரந்தரமாகட்டும். அடுத்த தேர்தலில் கெங்குவார்பட்டித் தெருவுக்கு வாக்குக் கேட்டு வருபவர்களிடம், பேசாத பிள்ளைக்குப் பேச்சுச் சொல்லித்தர இந்த மாவட்டத்தில் எத்தனை நிரந்தர வேலை போடுவீர்கள் என்று கேளுங்கள். எண்ணிக்கையைச் சொல்லும்வரை விடாதீர்கள்.