முஹாஜிரின் மனக்காயம்



ஹிஜ்ரத் என்றதும் நம் நினைவுக்கு வருவது கி.பி. 622-இல் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு மதீனா சென்றதுதான். முஹர்ரம் பிறந்தால் அதன் சிறப்பை மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் மதீனா வந்து சேர்ந்த முஹாஜிர்களின் நெஞ்சு என்ன பாடுபட்டது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரியில் இருக்கிறது. மதீனா வந்த புதிதில் அபூபக்கர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். காய்ச்சல் சற்று விட்டதும் பிலால் அவர்கள், மக்காவின் புல்லையும் நீரூற்றையும் மலையையும் இனி ஒரு நாள் காண்பேனா என்று குரலெடுத்து ஏங்கினார்கள். எந்த மக்கா? அவர்களைச் சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறையை ஏற்றிய அதே மக்கா! அடித்து விரட்டிய ஊரானாலும் பிறந்த ஊர் பிறந்த ஊர்தானே.

அதைக் கேட்ட நாயகம் அவர்கள், "உமக்கு ஈமான் குறைந்துவிட்டதா?" என்று கண்டிக்கவில்லை. மக்காவைப் போல, அதற்கும் மேலாக, மதீனாவை எங்களுக்குப் பிரியமுள்ளதாக்கு, அதைச் சுகமான ஊராக்கு என்று அல்லாஹ்விடம் கையேந்தினார்கள். ஏக்கத்தையும் ஒரு நோயாகக் கண்டு அதற்கும் மருந்து கேட்ட நபி அவர்கள்.

யாகூப் நபி (அலை) அவர்களைப் பாருங்கள். அழகிய பொறுமை என்று சொன்னவர்களும் அவர்களே. மகன் யூசுபைப் பிரிந்த விசனத்தில் கண்கள் வெளுத்துப்போனதும் அவர்களுக்கே. இதைக் குர்ஆனே கூறுகிறது. ஆகவே ஸபர் வேறு, கண்ணீர் வேறு அல்ல. இரண்டும் ஒரே கல்பில் இருக்கலாம்.

இதை ஏன் இன்று எழுதுகிறேன்? முஹாஜிர்கள் நம் கடைத்தெருவிலேயே இருக்கிறார்கள். பர்மாவின் அரக்கான் நாட்டு ரோஹிங்கியா மக்களைத்தான் சொல்கிறேன். 1982-ஆம் வருஷத்துச் சட்டம் அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 2017-இல் கிராமங்கள் எரிந்தபோது ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். மலேசியாவில் ஐ.நா. அகதி அட்டை பெற்ற ரோஹிங்கியர் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். 1951-ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் நம் நாடு கையெழுத்திடவில்லை. எனவே அவர்களுக்குச் சட்டப்படி வேலை இல்லை. பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளி இல்லை.

2022 ஏப்ரல் 20 அதிகாலையை மறந்துவிட்டோமா? சுங்கை பாக்காப் தற்காலிகத் தடுப்பு முகாமிலிருந்து 528 ரோஹிங்கியர் தப்பி ஓடினார்கள். ஜாவி அருகே நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி ஆறு பேர் மௌத்தானார்கள். ஆண்கள் இருவர், பெண்கள் இருவர், ஒரு சிறுவன், ஒரு சிறுமி. இன்னா லில்லாஹி. பத்து காவானிலிருந்து நாம் சரக்கு லாரி ஓட்டும் சாலை அது. ஓடும் வண்டிகளுக்குக் குறுக்கே குழந்தையோடு ஒருவர் ஓடுகிறார் என்றால், அவர் மனம் எந்த நிலையில் இருந்திருக்கும்?

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். என் கடைக்கு வெற்று அட்டைப் பெட்டிகளை எடுத்துப்போக ஒரு ரோஹிங்கியா சகோதரர் வருவார். ஒரு நாள் லாரியின் பின்கதவு தடாலென்று விழுந்தது. மனிதர் அரிசி மூட்டைகளுக்குப் பின்னே பதுங்கி, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு நடுங்கினார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பெரிய ஆலிம் போல, "ஐந்து வக்தும் தொழும். ஸபர் செய்யும். எல்லாம் சரியாகிவிடும்" என்றேன்.

"தொழுகிறேன் பாய். தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது" என்றார்.

நான் கல்லாவுக்குத் திரும்பிவிட்டேன். அதன் பின் அவர் வரவில்லை. பெட்டிகள் கடைக்குப் பின்னால் குவிந்தன. அவர் எங்கே குடியிருக்கிறார் என்றுகூட நான் கேட்டு வைத்ததில்லை.

சகோதரர்களே! தூக்கமின்மை, கெட்ட கனவு, சிறு சத்தத்துக்கும் பதறுதல், காரணமின்றிக் கோபம், சோறு இறங்காமை ஆகியவற்றை மனக்காயத்தின் அடையாளங்கள் என்கிறார்கள் வைத்தியர்கள். பழைய பயத்தோடு, பிடிபடுவோமோ, வாடகைக்கு என்ன செய்வோம் என்ற இன்றைய பயமும் சேர்ந்து அந்தப் புண்ணை ஆறவிடுவதில்லை. இதை ஜின் பிடித்தது, பைத்தியம் என்று ஒதுக்காதீர்கள். ஓதிப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே வைத்தியத்துக்கும் அனுப்புங்கள். ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்பது நபிமொழியல்லவா? 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்ற சங்கத்தார் 2018-இல் பட்டர்வொர்த்தில் வைத்தியசாலை திறந்து, அகதிகளின் உடலோடு மனத்துக்கும் வைத்தியம் பார்த்தார்கள். அத்தகைய இடத்துக்குப் போகப் பஸ் காசு கொடுப்பதும் ஸதகாதான்.

அன்ஸாரியான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) "கடைத்தெருவைக் காட்டும்" என்றார்கள். முஹாஜிர் கேட்டது மதிப்பை. சட்டத்தை மீறும்படி நான் யாரையும் தூண்டவில்லை. உட்கார ஒரு முக்காலி, ஒரு கோப்பைத் தேநீர், ஸலாமுக்கு முழுப் பதில். இவற்றைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை. நடந்ததைத் துருவிக் கேளாதீர்கள். அவராகச் சொன்னால் இடைமறியாமல் கேளுங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் ஹராம் என்று பயமுறுத்தி அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பிரிவையும் 2023-இல் பாராளுமன்றம் நீக்கிவிட்டது.

நம் பாட்டனார்களும் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கியவர்கள்தாம். யாரோ ஒருவர் திண்ணையில் படுக்க இடம் கொடுத்ததால் இன்று நமக்குக் கடை இருக்கிறது.

யா அல்லாஹ்! வீடிழந்தவர்களின் உள்ளத்துக்கு அமைதி தருவாயாக. எங்கள் ஊரை அவர்களுக்குப் பிரியமுள்ளதாக்குவாயாக. சிரித்த என் பிழையைப் பொறுத்து, அந்தச் சகோதரரை மறுபடி என் கடை வாசலுக்குக் கொண்டுவருவாயாக. ஆமீன்.