முதலில் எந்த வீதி?

பத்து வீதிகள் பழுதாய்க் கிடக்கின்றன. இரண்டைத் திருத்தவே பணம் இருக்கின்றது. முதலில் எந்த வீதியைத் தொடுவது? இது பொறியியலாளர் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று நாம் ஒதுங்கிவிடுகின்றோம். அன்பான வாசகர்களே, சற்றுச் சிந்தித்துப் பார்த்தால், இது அளவு நாடாவால் மட்டும் தீர்க்கக்கூடிய காரியமன்று, நீதி பற்றிய கேள்வி என்பது புலனாகும்.

வன்னி மக்கள் பெரிய பாதைகள் மூடப்பட்டதையும் கண்டவர்கள், திறக்கப்பட்டதையும் கண்டவர்கள். 2006 ஓகஸ்டில் மூடப்பட்ட ஏ9 வீதி, போர் முடிந்தபின் மீண்டும் திறக்கப்பட்டது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே நின்றுபோன புகையிரதம், 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்தது. 2009 மே மாதத்தில் பல்லாயிரம் மக்கள் நடந்து கடந்த வட்டுவாகல் பாலத்தைப் புதிதாய்க் கட்டும் வேலை 2025இல் ஆரம்பித்து வைக்கப்பட்டது. இவை யாவும் பெரிய நன்மைகளே. ஆனால் ஏ9 வீதி எவ்வளவு அழகாய் இருந்தாலும், வீட்டிலிருந்து அதுவரை வந்து சேர முடியாதவனுக்கு அதனால் ஆவதென்ன?

நம் நாட்டில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. மற்றைய சிறு வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பாகும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரத்தோடு பொதுப் பாதைகளையும் சபைகளிடம் ஒப்படைத்தது. ஆக, மனிதனின் வாசலைத் தொடும் பாதை, பணம் மிகக் குறைந்த கையிலேயே இருக்கின்றது. அதனால்தான் எந்த வீதி முதலில் என்ற கேள்வி அங்கே கூர்மையடைகின்றது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். பட்டணத்தின் அருகே நூறு வீடுகள் உள்ள ஒரு வீதி. குண்டும் குழியுமாய் இருக்கின்றது, புழுதி பறக்கின்றது, ஆனாலும் எந்நாளும் போய்வரலாம். இன்னொன்று, காட்டோரக் குளத்தடியில் பன்னிரண்டு வீடுகளுக்குப் போகும் கிறவல் வீதி. கோடையில் குறையில்லை. மாரியில் உடைந்த மதகுக்கு மேலால் வெள்ளம் பாயும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகார். பிரசவ வலி கண்ட தாயை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்ற வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் உண்டு. எதைத் தெரிவீர்கள்?

நூறு வீடு பன்னிரண்டு வீட்டிலும் பெரிதல்லவா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இரு வீதிகளிலும் கேட்கப்படுவது ஒரே பொருளன்று. நூறு வீட்டார் கேட்பது வசதி. பன்னிரண்டு வீட்டார் கேட்பது வழி. வசதியை வசதியோடு ஒப்பிடும்போது எண்ணிக்கை பேசட்டும். ஒருவருக்கு வழியே இல்லாதிருக்க, பலருடைய வசதியைக் கூட்டிக்காட்டி அவரை மேலும் காத்திருக்கச் சொல்வது நீதியாகாது. எல்லோருக்கும் வழி, அதன்பின் பலருக்கு வசதி என்பதே சரியான ஒழுங்கு.

வாகனங்களை எண்ணிப் பார்த்துத் தீர்மானிப்போம் என்பதும் உண்டு. அந்த வீதியால் ஒரு நாளைக்கு எத்தனை வாகனம் போகின்றது என்று கேட்டால், ஏழெட்டு மோட்டார் சைக்கிள் என்று விடை வரும். வீதி பழுதென்பதால் பஸ் வருவதில்லை. பஸ் வராததால் எண்ணிக்கை ஏறுவதில்லை. எண்ணிக்கை ஏறாததால் வீதி திருத்தப்படுவதில்லை. புறக்கணிப்பே புறக்கணிப்புக்குச் சாட்சி சொல்வதை எண்ணிப் பாருங்கள்! வன்னியில் இந்த ஆபத்து அதிகம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 92,000. அப்போது யாழ்ப்பாண மாவட்டத்தின் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு சனம், அதைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட நிலத்தில் வாழ்ந்தது. குளத்துக்குக் குளம் ஊர். ஊருக்கும் ஊருக்கும் இடையே காடு. தலைகளை மட்டும் எண்ணினால் வன்னியின் உள்ளூர்கள் என்றும் கடைசியிலேயே நிற்கும்.

வீதி மட்டும் போதுமா? போதாது. தனியார் பஸ் கம்பனிகளை அரசு ஏற்று, 1958 ஜனவரி 1ஆம் திகதி இலங்கை போக்குவரத்துச் சபையைத் தொடக்கியது. இலாபம் இல்லாத இடத்துக்கும் பஸ் போகவேண்டும் என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. தனியார் பஸ், சனம் நிற்கும் இடத்துக்குப் போகும். அதில் குற்றமில்லை, அது தொழில். சனம் குறைந்த இடத்துக்குப் போவது பொதுச் சேவையின் கடமை. ஆனால் வீதி ஓர் அலுவலகத்தில், தனியார் பஸ்ஸின் வழி அனுமதி இன்னோர் அலுவலகத்தில், அரச பஸ்ஸின் நேர அட்டவணை வேறோர் இடத்தில் என்று இருந்தால், வீதி முடிந்தும் பஸ் வராது. காலை 7.30க்குப் பள்ளிக்கூடம் தொடங்க, 8 மணிக்கு வரும் பஸ்ஸால் மாணவனுக்கு என்ன பயன்? மதகும் வீதியும் பஸ் நேரமும் ஒரே திட்டமாய் வகுக்கப்பட வேண்டும்.

வட்டாரத்துக்கு வட்டாரம் சமமாய்ப் பங்கிடுவதும் நீதிபோலத் தோன்றும். உண்மையில் அது சச்சரவைத் தவிர்க்கும் உபாயமேயன்றி நீதியன்று. ஒவ்வொரு வட்டாரத்திலும் சில நூறு மீட்டர் கொங்கிறீற் போட்டு, ஒரு வீதியும் முடிவுறாமல் விடுவதிலும், உடைந்த மதகுகளை முதலில் கட்டுவது மேல். ஒரு மதகு உடைந்தால் ஐந்து மைல் நல்ல வீதியும் வீண். 2025 நவம்பரில் டித்வா புயல் நாடெங்கும் பாலங்களை உடைத்தபோது இந்தப் பாடத்தை எல்லோரும் கற்றோம்.

இதில் நமக்கும் பங்குண்டு. 2025 மே மாதத் தேர்தலின்பின் சபைகளில் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் அமர்ந்துள்ளனர். உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்துக் குழுக்கள் அமைக்கப் பிரதேச சபைச் சட்டம் இடந்தருகின்றது. அக்குழுக்களில் சேருங்கள். நம் வேலியை வீதிக்குள் நகர்த்தாமலும், வீட்டு வாசலுக்காக வாய்க்காலை மூடாமலும் இருப்பது அதற்கும் முந்திய கடமை.

அடுத்த முறை உறுப்பினர் உங்கள் வீட்டுக்கு வந்து, எந்த வீதியைத் திருத்தலாம் என்று கேட்பார். நம் ஒழுங்கையின் பெயர் நாவின் நுனியில் நிற்கும். அதைச் சொல்லுமுன், சென்ற மாரியில் வெளியே வரமுடியாமல் அடைபட்டுக் கிடந்த ஊர் எது என்று அவரிடம் கேளுங்கள். அந்த ஊரின் பெயரை முதலிலும், உங்கள் ஒழுங்கையின் பெயரை இரண்டாவதாகவும் எழுதச் சொல்ல உங்களுக்கு மனம் வருமா?