வேண்டுமென்றே தாமதிக்கும் மறுமொழி

ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில், செடிகொடியற்ற கரும்பாறைகளின் நடுவே வெண்ணிறக் குவிமாடமொன்று அமைக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அதனுட் புகுந்த அறுவர் ஓராண்டு கழிந்த பின்னரே வாழ்வை வெளியுலகில் மீண்டும் தொடங்கினர். செவ்வாய்க் கோளுக்குச் செல்வோர் எவ்வாறு வாழ்வர் என்பதை அறியும்பொருட்டு, நாசாவின் நிதியுதவியுடன் ஹவாய்ப் பல்கலைக்கழகம் நடத்திய போலச்செய் பரிசோதனை அது. அவர்கள் அனுப்பிய ஒவ்வொரு செய்தியும் 20 நிமிடம் தடுத்து வைக்கப்பட்ட பின்னரே வெளியாரை அடைந்தது. மறுமொழியும் அவ்வாறே 20 நிமிடம் பிந்தி வந்தது.

இத்தாமதத்தின் காரணம் யாவரும் அறிந்ததே. வானொலி அலை ஒளியின் வேகத்தை விஞ்சாது. சந்திரனிலிருந்து வரும் குரல் புவியை அடைய ஒன்றேகால் செக்கன் போதும். செவ்வாயோ மிக அண்மித்து வருங்கால் ஏறத்தாழ 5½ கோடி கிலோமீற்றரும், மிக விலகுங்கால் 40 கோடி கிலோமீற்றரும் தொலைவிலுள்ளது. ஒருவழிச் செய்திக்கே 3 முதல் 22 நிமிடம் வரை செல்லும். அங்கு உரையாடல் இல்லை. கடிதப் போக்குவரத்தே உண்டு.

இந்நிலைக்கேற்பத் தொழில்முறையை மாற்றுவது அரிதன்று. 2016, 2017ஆம் ஆண்டுகளில் நாசாவின் 'பசோல்ற்' குழுவினர் ஐடஹோவிலும் ஹவாயிலும் எரிமலைப் பாறைகளை ஆராய்ந்தபோது, 5 நிமிடம், 15 நிமிடம் எனத் தாமதங்களைப் புகுத்தினர். களத்தில் நின்றோர் முதலிற் பல இடங்களைப் பார்த்துப் படங்களை அனுப்புவர். தொலைவிலிருந்த விஞ்ஞானிகளின் ஆலோசனை வருமளவும் வேறு வேலைகளைச் செய்வர். பின்னரே மாதிரிகளை எடுப்பர். பொறியியலாளனுக்கு இது போதும். ஒழுக்கவியலை நோக்குவோனுக்குச் சிக்கல் இங்கேதான் ஆரம்பமாகின்றது.

செவ்வாயிலுள்ள ஒருவன் உதவி கோரி, அவனுக்கு 40 நிமிடமாக மறுமொழி கிடையாதிருப்பின், அதற்காகப் புவியிலுள்ளோரை எவரும் குறைகூறார். கடமை உளதெனின் அதனைச் செய்யும் ஆற்றலும் உளதாதல் வேண்டும் என்னும் கருத்து கான்ற்றின் தத்துவத்தோடு இணைத்துப் பேசப்படுவது. ஆற்றலின்மை செவ்வாயில் இயற்கையின் விதி. எரிமலைச் சரிவிலோ அது மனிதர் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு. குவிமாடத்துக்கு மோட்டார் வண்டியிற் சென்றுவிடலாம். இயலாமையும் இயலாதார்போல் இருத்தலும் ஒரே மௌனமாகவே கேட்கின்றன. பொறுப்பினாலேயே அவை வேறுபடுகின்றன.

பங்குபற்றியோர் உடன்பட்டே சென்றனரென்று சிலர் கூறுவர். உண்மைதான். எனினும் தனிமைக்கும் சலிப்புக்கும் உடன்பட்டவன் தன் உயிருக்கு நேரும் இடருக்கும் உடன்பட்டவனாகான். 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் அதே குவிமாடத்தில் நால்வர் எட்டு மாதப் பரிசோதனையொன்றைத் தொடங்கினர். சில நாட்களுக்குள் அவர்களுள் ஒருவர் மின்தாக்கத்துக்கு உள்ளாகி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பரிசோதனையும் கைவிடப்பட்டது. செவ்வாய் அக்கணமே ஹவாயாயிற்று.

அவ்வாறு ஆனதே முறை. ஆனால் அதனால் வந்த இழப்பையும் மறைத்தலாகாது. உதவி ஒருபோதும் வாராது என்ற நிலையில் மனிதர் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதே அறியவேண்டிய தலையாய விடயம். அதனை இப்புவியில் இறுதிவரை சோதிக்க வேண்டுமெனின், ஒருவன் துடிப்பதைக் கண்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய ஆய்வாளன் வேண்டும். அத்தகையவனிடம் எவரும் தம் உயிரை ஒப்படையார். ஆகவே இவ்வறிவுக்கு எல்லையிடுவது கருவியின் குறைபாடன்று, மனச்சாட்சியே. அந்த அறியாமை நாணத்தக்கதன்று.

எஞ்சியிருப்பது முடிவெடுக்கும் உரிமை பற்றிய வினா. ஆலோசனை பிந்தி வருமெனின், தீர்மானிக்கும் அதிகாரம் களத்தில் நிற்பவனிடமே முற்கூட்டி ஒப்படைக்கப்படல் வேண்டும். அதிகாரம் வழங்குவோர் அதனைத் திரும்பக் கேளாதிருக்கவும் பழகவேண்டும்; பெரும்பாலும் இதுவே கடினமானது. 2023 ஜூன் முதல் 2024 ஜூலை வரை 378 நாட்கள், ஹூஸ்ரனிலுள்ள ஜோன்சன் விண்வெளி நிலையத்தில், 1,700 சதுர அடி மனையொன்றில் நால்வர் வாழ்ந்தனர். அவர்களின் செய்திகளும் 22 நிமிடம் வரை தாமதிக்கப்பட்டன. அம்மனை அந்நிலையத்தின் கட்டடமொன்றினுள்ளேயே இருந்தது. சுவருக்கு அப்பால் அவர்கள் உள்ளனர் என்பதை அறிந்துகொண்டே, வெளியிலிருந்தோர் ஓராண்டுக்கு மேலாகக் காத்திருக்கப் பழகினர்.