மையும் தாளும் போதாது



நத்தார் நெருங்கிவிட்டது. ஆலயங்களிலே பாலன் குடில் கட்ட வாலிபர்கள் வைக்கோலும் தடியும் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். வீடுகளிலே பலகாரத்துக்கு மா இடிக்கும் சத்தம் கேட்கிறது. இந்நாட்களில் வாழ்த்துக்கள் எழுதுவது நமது வழக்கம். நானும் இம்முறை வழக்கம்போல் வாழ்த்தும் நன்றியும் எழுதலாமென்றே மேசையில் அமர்ந்தேன். ஆனால் ஒரு கடனைச் சொல்லாமல் நன்றி சொல்ல என் மனச்சாட்சி இடந்தரவில்லை. ஆகவே இன்று உங்களுக்குப் பிரசங்கம் செய்வதற்கு முன் எனக்கே பிரசங்கம் செய்துகொள்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் திருவருகைக் காலத்தில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். ஞாயிறு பூசைக்குப் பிந்தி வருபவர்களையும், உள்ளே வராமல் ஆலய முற்றத்து மரநிழலில் நிற்பவர்களையும் அதில் கண்டித்திருந்தேன். மரத்தடியில் நிற்பவனுடைய விசுவாசமும் மரத்தடியிலேயே நிற்கிறது என்று எழுதியதாக ஞாபகம். எழுதி முடித்தபோது நன்றாக எழுதிவிட்டேன் என்ற திருப்தியும் இருந்தது. பலர் பாராட்டினார்கள்.

இரண்டு கிழமை கழித்துக் கரையோரக் கிராமமொன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாடசாலைக் கொப்பியிலிருந்து கிழித்த தாள். கண் பார்வை மங்கிய ஓர் ஆச்சி சொல்லச் சொல்ல, பேத்தி எழுதியிருந்தாள். மரத்தடியில் நின்றவர்களில் தன் மகனும் ஒருவன் என்று ஆச்சி சொல்லியிருந்தா. நத்தாருக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க வேண்டுமென்று சனி இரவும் அவன் தொழிலுக்குப் போயிருந்தானாம். விடியத்தான் வள்ளம் கரைக்கு வந்தது. வீட்டுக்குப் போய் முழுகி உடுத்துக்கொண்டு வந்தால் பூசை முடிந்துவிடும். மீன் வெடுக்கோடு உள்ளே போனால் பக்கத்தில் இருப்பவர்கள் முகஞ்சுழிப்பார்கள். ஆகவே மரத்தடியில் முழந்தாளில் நின்று பூசை கண்டானாம். இதைச் சொல்லிவிட்டு ஆச்சி ஒரு கேள்வி கேட்டிருந்தா. பெத்லகேமில் ஆட்டு மணத்தோடு வந்த இடையர்களை மாதா வெளியில் நிற்கச் சொன்னாவா?

கடிதத்தின் கடைசியில் பேத்தி தன் சொந்தமாக ஒரு வரி சேர்த்திருந்தாள். இதை எழுதுவது தானென்றும், தனக்குச் சோதினை வருகிறதென்றும், தனக்காகவும் ஒரு செபம் சொல்ல வேண்டுமென்றும் எழுதியிருந்தாள்.

அக்கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. உண்மையைச் சொல்வதானால், அது என்னைச் சுட்டது. பிறகு எழுதலாம் என்று லாச்சிக்குள் வைத்தேன். நத்தார் போயிற்று, பாஸ்காவும் போயிற்று. அடுத்த திருவருகைக் காலத்தில் வேறொன்றைத் தேடும்போது அது கையில் அகப்பட்டது. அன்று பின்னேரமே அந்தக் கிராமத்துக்குப் போனேன். ஆச்சி மூன்று மாதங்களுக்கு முன் கர்த்தருக்குள் இளைப்பாறிவிட்டா. பேத்திதான் வெளியில் வந்தாள்.

“ஒவ்வொரு கிழமையும் பேப்பர் வந்த உடன சுவாமி ஏதும் எழுதியிருக்கிறாரோ எண்டு கேப்பா. நான் உங்கட பக்கத்தை வாசிச்சுக் காட்டோணும். கோபத்தில எழுதேல்லைப் பிள்ளை, சுவாமிக்குத் தெரியாது எண்டுதான் எழுதினது எண்டு சொல்லுவா” என்றாள்.

பிரியமானவர்களே! வாசகர் என்றால் யார் என்று அந்த முற்றத்தில்தான் எனக்கு விளங்கியது. எழுதுகிறவன் தன் பெயர் அச்சில் வருவதைப் பார்க்கிறான். ஆனால் அவன் எழுதியதைக் கிழமைதோறும் காத்திருந்து கேட்டு, பிழையென்றால் அன்போடு திருத்தி, பிறகும் விட்டுவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் ஓர் ஆத்துமம் எங்கோ ஒரு திண்ணையில் இருக்கிறது. அந்த ஆத்துமம் இல்லாவிட்டால் எழுத்து வெறும் மைதான்.

நற்செய்தியை எடுத்துப் பாருங்கள். புனித லூக்காஸ் தம் நூலைத் தொடங்கும்போது தெயோப்பிலு என்ற ஒரு மனிதரை விளித்தே எழுதுகிறார். அவர் கேட்டறிந்தவை உறுதியானவை என்று அவருக்குத் தெரிய வேண்டுமென்பதே தமது நோக்கம் என்கிறார். குடிலையும் இடையரையும் வானதூதரையும் பற்றி இன்று உலகம் முழுவதும் வாசிப்பது அவ்வாறு ஒருவரை விளித்து எழுதிய நூலிலிருந்துதான். புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் முடிவில், அதைக் கைப்பட எழுதிய தெர்தியு என்பவர் தம் வாழ்த்தையும் ஒரு வரியில் சேர்த்திருக்கிறார். எனக்கு வந்த கடிதத்தில் பேத்தி சேர்த்ததும் அப்படியொரு வரிதான். திருச்சபை தெர்தியுவின் வரியை இத்தனை நூற்றாண்டுகளாகக் காத்து வைத்திருக்கிறது. நானோ பேத்தியின் வரியை லாச்சிக்குள் மறந்துவிட்டேன்.

எழுத்தாளருக்கும் பத்திரிகையாளருக்கும் பாதுகாவலர் யாரென்று உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். புனித பிரான்சிஸ் சலேசியாரை 1923ஆம் ஆண்டு பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அவ்வாறு அறிவித்தார். அப்புனிதர் இளங்குருவாக 1594ஆம் ஆண்டு சாப்ளே என்னும் பகுதிக்குப் போனார். அவருடைய பிரசங்கத்தைக் கேட்க அங்கே மிகச் சிலரே வந்தார்கள். அவர் மனந்தளராமல் போதனைகளைத் தாள்களில் எழுதினார். அத்தாள்கள் வீட்டுக் கதவுகளின் கீழால் உள்ளே தள்ளப்பட்டன. பொது இடங்களிலும் ஒட்டப்பட்டன. அதனாலேயே அவர் எழுதுவோரின் பாதுகாவலரானார்.

ஆனால் இதில் நாம் கவனிக்கத் தவறுகிற ஒன்றுண்டு. அவர் தாளைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் போகவில்லை. குளிரிலும் பனியிலும் அதே ஊர்களில் நடந்து, அந்த மக்களோடு ஆண்டுக்கணக்காக உழைத்தார். 1602ஆம் ஆண்டு ஜெனீவாவின் ஆயரான பின்பும், தம்மிடம் வழி கேட்டவர்களுக்குத் தனித்தனியே கடிதம் எழுதினார். பக்தி வாழ்வு பற்றி 1609ஆம் ஆண்டு வெளிவந்த அவரது புகழ்பெற்ற நூலும் ஒரு பெண்மணிக்கு எழுதிய அறிவுரைகளிலிருந்தே உருவாயிற்று. நத்தார் கொண்டாடிய மூன்றாம் நாள், 1622ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் திகதி, லியோன் நகரில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

பிரியமானவர்களே! நத்தாரின் மறைபொருள் இதுவேயல்லவா? இறைவன் தீர்க்கதரிசிகள் வழியாக நெடுங்காலம் வார்த்தைகளை அனுப்பினார். சட்டம் அனுப்பினார், கண்டிப்பும் ஆறுதலும் அனுப்பினார். அவை போதும் என்று அவர் பரலோகத்தில் இருந்துவிடவில்லை. காலம் நிறைவேறியபோது வார்த்தையானவர் தாமே மாமிசமானார். நம்முடைய வாசலுக்கு வந்தார். தொழுவத்தின் மணத்துக்கு அவர் முகஞ்சுழிக்கவில்லை. புனித அருளப்பரின் பெயரால் வழங்கும் இரண்டாம் திருமுகத்தின் முடிவிலும் இந்த மனந்தான் தெரிகிறது. எழுத இன்னும் பல உண்டு, ஆயினும் மையையும் தாளையும் நம்பாமல் நேரில் வந்து முகமுகமாய்ப் பேச ஆசிக்கிறேன் என்ற கருத்தை அங்கே காண்கிறோம்.

நானோ வார்த்தையை மட்டும் அனுப்பினேன். வாசல்வரை போகவில்லை. மரத்தடியில் நின்றவனிடம் போய், ஏன் தம்பி இங்கே நிற்கிறாய் என்று கேட்டிருந்தால், அந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன்.

பேத்தியின் வீட்டிலிருந்து திரும்புமுன் ஆச்சியின் மகனைச் சந்தித்தேன். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “அதெல்லாம் போகட்டும் சுவாமி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றார். அன்று குடித்த தேநீர் எனக்கு ஒரு பாவசங்கீர்த்தனத்தின் பின் கிடைத்த ஆறுதல்போல் இருந்தது. ஆனால் ஆச்சியிடம் சொல்ல வேண்டிய நன்றியை இனிச் செபத்தில்தான் சொல்லலாம். பத்துக் குஷ்டரோகிகள் சுகமடைந்தார்கள். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவனே. மற்ற ஒன்பது பேரும் நன்றி கெட்டவர்கள் என்று முன்பு பிரசங்கித்திருக்கிறேன். இப்போது நினைக்கிறேன்: அவர்களிற் சிலர் என்னைப்போல, நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்திருப்பார்கள்.

ஆகையால் இந்த நத்தாருக்கு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் லாச்சிக்குள்ளும் பதில் எழுதாத ஒரு கடிதம் இருக்கலாம். படிப்பித்த வாத்தியார், பிரசவத்துக்கு உதவிய அயல்வீட்டு அக்கா, இடம்பெயர்ந்து வந்த நாளில் ஒரு நேரச் சோறு தந்த குடும்பம், உங்கள் பிழையை உங்கள் முகத்துக்கு நேரே சொன்ன ஒரு நண்பர், இவர்களில் ஒருவருக்காவது நீங்கள் கடன்பட்டிருக்கலாம். வாழ்த்து மடலோடு நிறுத்திவிடாதீர்கள். நடக்கக்கூடிய தூரமென்றால் நடந்து போங்கள். தூர தேசமென்றால் பேசுங்கள். பாதிராப் பூசைக்கு வரும்போது மரத்தடியைத் திரும்பிப் பாருங்கள். அங்கே ஒருவர் நின்றால், வாங்கிலே சற்று ஒதுங்கி அவருக்கு இடங்கொடுங்கள்.

வாசகர்களே, என்னை வாசித்ததற்கும் வாசித்துக் காட்டியதற்கும் திருத்தியதற்கும் நன்றி கூறுகிறேன். இடையர்கள் சொன்னதைக் கேட்டு இருதயத்தில் வைத்துச் சிந்தித்த நம் அன்னை மரியாள், உங்களையும் தம் இருதயத்தில் வைத்துக் காப்பாராக. இயேசு பாலன் உங்கள் இல்லங்களில் சமாதானமாய்ப் பிறப்பாராக!

ஆமென்.