அவிழ்த்த முடிச்சு

அம்மாவின் முந்தானை ஓரத்தில் ஒரு முடிச்சு இருந்தது. சில்லறை இருக்கும், துவைக்கப் போடுமுன் எடுத்துவைப்போம் என்று அவிழ்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. சாயங்காலம் கொடியில் கிடந்த சேலையின் ஓரத்தை அம்மா விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு முடிஞ்சு வச்சிருந்தேனேடா."

என்னவென்று அவளுக்கு நினைவு வரவில்லை. ஆறு மாதமாகிறது. இன்னும் வரவில்லை.

எதையாவது எடுக்க வந்து எதற்கு வந்தோம் என்று நான் விழித்தால், "கிளம்பின இடத்துலயே போய் நில்லு, வந்துடும்" என்பாள் அம்மா. பெரும்பாலும் வந்துவிடும். 1975-ல் காடன், பேட்லி என்ற இருவர் இதையே ஸ்காட்லாந்தின் கடலில் முக்குளிப்பவர்களை வைத்துச் சோதித்தார்கள். நீருக்கடியில் கேட்ட சொற்கள் கரையில் வந்ததைவிட நீருக்கடியில்தான் அதிகம் நினைவுக்கு வந்தன. அதை நம்பி, அன்று உட்கார்ந்திருந்த அதே கொல்லைப் படியில் அம்மாவை உட்காரவைத்து, அன்று போலவே முருங்கைக்கீரையும் உருவக் கொடுத்தேன். அவளுக்குப் பிறந்த வீட்டுக் கிணற்றடி நினைவுக்கு வந்தது. சொல்ல நினைத்தது வரவில்லை.

எட்டு வயதில் எனக்கு அபிராமி அந்தாதியை மனப்பாடம் செய்வித்தவள் அவள். ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். நூறாவது பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தில் போய்ச் சேரும். பாட்டுக்குள்ளேயே முடிச்சு. நான் நடுவில் தடுமாறினால் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொள்வாள். "பாக்காதே, யோசி." அந்த மௌனம் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் செய்த ஆய்வைப் படித்தபோதுதான் அவள் செய்தது புரிந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்துகிறார்கள். ஒரு வாரம் கழித்தோ, பாராமல் நினைவுகூர்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நிற்கிறது.

அந்தாதி அவளிடம் இன்றும் பிசகாமல் இருக்கிறது. காலையில் என்ன சாப்பிட்டாள் என்பது இல்லை. அந்தாதியில் பிடித்து இழுக்க அடுத்த சொல் இருக்கிறது. முந்தானை முடிச்சு ஏதோ ஒன்று உண்டு என்று மட்டும்தான் சொல்லும், இன்னதென்று சொல்லாது. அப்படியானால் நான் அவிழ்க்காமல் விட்டிருந்தாலும் அவள் அதை வெறுமனே பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாளோ? இப்படி எண்ணினால் மனம் கொஞ்சம் ஆறுகிறது. ஆறுவதற்காகவே இப்படி எண்ணுகிறேனோ என்ற சந்தேகமும் உடனே வருகிறது. முடிச்சு அங்கே இருந்திருந்தால், அதன் மேல் விரல் பட்ட ஏதோ ஒரு கணத்தில் வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம்.

நேற்று அதே சேலையைக் கட்டியிருந்தாள். அந்த ஓரத்தில் மறுபடி ஒரு முடிச்சு போட்டுப் பார்க்கலாமா என்று கை போனது. நான் போடும் முடிச்சு அவளுக்கு எதை நினைவூட்டும்? தெரியவில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.