அழுதுகொண்டே படி!

"சோகக் கதையெல்லாம் உனக்கெதுக்கு? மனசு கெட்டுப்போகும்" என்று யாராவது உன் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்க வந்தால், கொடுக்காதே!

பாட்ரிக் நெஸ் எழுதிய 'எ மான்ஸ்டர் கால்ஸ்' நாவலைப் படி. கதையின் கரு அவருடையதல்ல. ஷிவோன் டௌட் என்ற எழுத்தாளர் மார்பகப் புற்றுநோயோடு போராடியபடியே பாத்திரங்களையும் தொடக்கத்தையும் யோசித்து வைத்திருந்தார். 2007இல் 47 வயதில் இறந்துபோனார். அந்தக் கருவை வாங்கி நெஸ் எழுதி முடிக்க, 2011இல் புத்தகம் வந்தது. சாவின் வாசலில் நின்றும் ஒருத்தி கதை யோசித்தாள்; படிப்பதற்கு நீ பயப்படலாமா?

கதையின் நாயகன் கானருக்கு வயது 13. அம்மாவுக்குப் புற்றுநோய். இரவு 12:07க்கு யூ மரம் ஒன்று பூதமாக எழுந்து வருகிறது. மூன்று கதைகள் சொல்கிறது. நான்காவதை நீ சொல், அது உன் உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. அங்கேதான் பையன் நடுங்குகிறான். கனவில் அம்மாவின் கையைப் பிடித்திருக்கிறான், இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருக்க முடியும், விட்டுவிடுகிறான். அம்மா பிழைக்க வேண்டும் என்று உயிரே துடிக்கிறது. அதே நெஞ்சின் இன்னொரு மூலை, இந்த வேதனை எப்படியாவது முடிந்து தொலையாதா என்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த மூலை தெரியும். வெளியே சொல்லத்தான் நா எழாது. கானர் சொல்கிறான். அப்படி நினைத்ததற்காகப் பூதம் அவனைத் தண்டிக்கவில்லை. நினைப்பு வேறு, செய்கை வேறு என்று அவனைத் தாங்கிக்கொள்கிறது.

இதைப் படித்துக் கண் கலங்கினால் நீ கோழையா? யார் சொன்னது! கல் நெஞ்சோடு பக்கம் புரட்டுவதில் என்ன வீரம்? 2012இல் சிறுவர் நூல்களுக்கான பிரிட்டனின் கார்னகி விருதையும், ஓவியங்களுக்கான கேட் கிரீன்அவே விருதையும் இந்த ஒரே புத்தகம் வாங்கியது. இரண்டும் நூலகர்கள் தேர்ந்தெடுப்பவை. பிள்ளைகளால் பாரம் தாங்க முடியாது என்று அவர்கள் நினைக்கவில்லை; உன்னை மட்டும் நீயே ஏன் குறைத்து மதிக்கிறாய்?

நெஞ்சு அடைத்தால் மூடி வை. முகம் கழுவிவிட்டு வா. உன் வீட்டிலேயே இப்போது யாருக்காவது புற்றுநோய் இருந்தால், தள்ளிப்போடு, புத்தகம் காத்திருக்கும்.

படித்து முடித்ததும் சும்மா இருந்துவிடாதே. உன்னிடமும் யாருக்கும் சொல்லாத நான்காவது கதை ஒன்று இருக்குமே! அக்காவோ, நண்பனோ, தமிழ் வாத்தியாரோ, கேட்க ஒரே ஓர் ஆள் போதும். போ, சொல்!